அமெரிக்கா ரெசிபி, நம்ம வீட்டு ஓடிஜி: ஒரு பனானா பிரெட்டை வச்சு கத்துக்கலாம் வாங்க

மொத மொத நான் பனானா பிரெட் (பேருதான் பிரெட், வாழைப்பழக் கேக்தான்) பண்ணப்போ அமெரிக்கா ரெசிபில 350 டிகிரின்னு போட்டிருந்துச்சு. என் ஓடிஜி, அதாவது வீட்டு சின்ன கரண்ட் ஓவன், அதோட குமிழ் 250லயே முடிஞ்சிடும், சரி இருக்கறதுலயே அதிகமா வைப்போம்னு 250க்கு திருப்பி வச்சுட்டு மாடில துணி காயப்போட போயிட்டேன். வந்து பாத்தா மேல கரி, உள்ள கூழ். அவங்க சொன்னது ஃபாரன்ஹீட், என் குமிழ்ல இருக்கறது செல்சியஸ், அவ்ளோதான் விஷயம்.

அதுக்கப்புறம் ஆன்லைன்ல எடுக்குற எந்த ரெசிபியா இருந்தாலும் அடுப்பு பக்கம் போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல நம்ம வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்தி எழுதிக்குவேன். இப்போ அந்த பேப்பரைத்தான் எழுதப் போறோம். பொதுவா கண்ணுல படுற ரெசிபி இப்படி இருக்கும்: மைதா 2 கப், பேக்கிங் சோடா 1 டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், வெண்ணெய் அரை கப், பிரவுன் சுகர் முக்கா கப், முட்டை 2, வாழைப்பழம் 3, 9க்கு 5 இன்ச் லோஃப் டின் (பிரெட் சுடுற நீளமான டின்), 350 டிகிரி, 60 நிமிஷம்.

ஸ்டெப் 1: டின் என்ன சைஸ்னு பாருங்க

லோஃப் டின் உங்ககிட்ட இல்லையா, கவலைய விடுங்க, நம்ம வீடுகள்ல பெரும்பாலும் இருக்கறது 6 இன்ச் வட்ட டின்தான். டின்ல தண்ணி ஊத்தி எத்தனை கப் பிடிக்குதுன்னு அளந்து பாருங்க. 9க்கு 5 லோஃப் டின் கிட்டத்தட்ட 8 கப் பிடிக்கும், 2 இன்ச் உயரமுள்ள 6 இன்ச் வட்ட டின் 4 கப் பிடிக்கும், அதாவது சரியா பாதி. அப்போ ரெசிபியையும் பாதியாக்கிடுங்க, முட்டையும் ரெண்டு ஒண்ணாயிடும், கணக்கு சுலபம். மாவு டின்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல போகக் கூடாது, போச்சுன்னா பொங்கி வழிஞ்சு ஓவன் அடில ஒட்டி, அதை சுரண்டி எடுக்கறதுக்கே ஒரு ஞாயித்துக்கிழமை போயிடும்.

ஸ்டெப் 2: கப் எல்லாத்தையும் கிராமா மாத்துங்க

இதுதான் முக்கியமான ஸ்டெப், கொஞ்சம் நிதானமா படிங்க. மைதா ஒரு கப்னா எவ்ளோ? பொடிய ஸ்பூனால அள்ளி கப்புல போட்டு மேல வழிச்சு விட்டா 120, 125 கிராம் வரும். அதே கப்பை நேரா பாக்கெட்டுக்குள்ள விட்டு குத்தி அள்ளுனா 150 வரைக்கும் போகும். ரெண்டு கப்புக்கு 50 கிராம் கூடுதல், கேக் ஏன் செங்கல் மாதிரி வந்துச்சுன்னு அப்புறம் யோசிப்போம். அதனால சமையல் தராசு ஒண்ணு வாங்கிடுங்க, பேக்கிங்குக்கு நான் வாங்குனதுலயே உருப்படியான பொருள் அதுதான்.

நம்ம பாதி ரெசிபிக்கு மைதா 125 கிராம். வெண்ணெய் ஒரு கப்னா 227 கிராம், ரெசிபியோட அரை கப் 113, அதுல பாதி 56. சக்கரை ஒரு கப் 200 கிராம்னு வச்சா முக்கா கப் 150, நமக்கு 75.

டீஸ்பூன்னா காபி கலக்குற ஸ்பூன் இல்லங்க, 5 எம்எல் அளவு ஸ்பூன். டேபிள்ஸ்பூன் 15 எம்எல், ஆனா ரெசிபி ஆஸ்திரேலியாக்காரங்களோடதுன்னா அவங்க ஊர்ல 20 எம்எல், அதையும் ஒரு பார்வை பாத்துக்கோங்க.

ஸ்டெப் 3: நம்ம ஊர் பொருளுக்கு மாத்துங்க

வாழைப்பழம் மூணுன்னா அது அந்த ஊர் பெரிய பழம், நம்ம மோரிஸ் பழம் மாதிரி. தோல் உரிச்சா ஒண்ணு 120 கிராம் வரைக்கும் இருக்கும், ஆக பாதி ரெசிபிக்கு 175 கிராம் போதும். பூவன்னா மூணோ நாலோ ஆகும், எண்ணாதீங்க, தராசுல வைங்க. எனக்கு பூவன்தான் பிடிக்கும், லேசா புளிப்பு இருக்கு, சோடாவுக்கு புளிப்பு வேணும்ல. தோல் கறுத்து யாரும் தொடாம கிடக்குமே, அந்தப் பழம்தான் வேணும்.

பிரவுன் சுகருக்கு நாட்டுச் சக்கரைய சலிச்சுப் போடுங்க, நிறமும் வாசனையும் பிரமாதமா வரும். இனிப்பு அதிகமா தெரிஞ்சா 75ஐ 60 ஆக்கலாம், அதுக்கும் கீழ போகாதீங்க, சக்கரைதான் கேக்குக்கு ஈரப்பதம் குடுக்குது, ரொம்ப கொறைச்சா வறண்டு போயிடும். வேற ரெசிபில வெள்ளைச் சக்கரை கேட்டா நம்ம சக்கரை பெருசு பெருசா இருக்கும், மிக்ஸில பொடிச்சுக்கலாம், ஆனா எடை போட்டுட்டு அப்புறம் பொடிங்க. பொடிச்சத கப்புல அளந்தா இனிப்பு கொறைஞ்சிடும்.

கடைல நமக்கு சுலபமா கிடைக்கறது உப்பு வெண்ணெய், அதனால ரெசிபில இருக்குற உப்பை விட்டுடுங்க. ரூம் டெம்பரேச்சர் வெண்ணெய்னு போட்டிருந்தா அவங்க ரூம் 20, 21 டிகிரி. மே மாசம் சென்னைல வெண்ணெய வெளில வச்சா அது நெய்யாகத்தான் பாக்கும். ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்து பத்து நிமிஷம், விரலால அமுக்குனா பள்ளம் விழணும், வழுக்கிட்டு உள்ள போகக் கூடாது.

அமெரிக்கா லார்ஜ் முட்டை ஓடு இல்லாம 50 கிராம். நம்ம கடை முட்டை சிலது சின்னதா இருக்கும், உடைச்சு எடை பாருங்க, கொறைஞ்சா பால் ஊத்தி 50 ஆக்கிக்கலாம்.

பேக்கிங் சோடான்னா நம்ம ஆப்ப சோடாதான், நமக்கு அரை டீஸ்பூன். பேக்கிங் பவுடர் வேற டப்பா, மாத்திப் போட்டுடாதீங்க. ரெசிபி பட்டர்மில்க் கேட்டா நம்ம மோரை ஊத்தாதீங்க, அவங்களோடது கெட்டியா இருக்கும், முக்கா கப் தயிர்ல கால் கப் தண்ணி அடிச்சா சரியா வரும்.

ஸ்டெப் 4: சூடும் நேரமும்

ஃபாரன்ஹீட்ல 32ஐ கழிச்சு, 5ஆல பெருக்கி, 9ஆல வகுங்க. 350க்கு 177 வரும், குமிழை 175க்கும் 180க்கும் நடுவுல வைங்க. ஃபேன் ஓடுற ஓவன்னா 160 போதும். மேல கீழ ரெண்டு ராடும் ஆன், பத்து பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே சூடு பண்ணிடுங்க.

ஸ்டெப் 5: இப்போ பண்ணலாம்

வெண்ணெயும் சக்கரையும் நுரைக்க அடிச்சு, முட்டை சேத்து அடிச்சு, மசிச்ச பழத்தைப் போடுங்க. திரிஞ்ச மாதிரி தெரியும், பயப்படாதீங்க. மைதாவையும் சோடாவையும் சேத்து சலிச்சுப் போட்டு கரண்டியால மெதுவா மடிச்சு விடுங்க, வெள்ளைப் பொடி கண்ணுக்கு மறைஞ்சதும் நிறுத்திடணும், தோசை மாவு கலக்குற மாதிரி கலக்குனா ரப்பராயிடும். பட்டர் பேப்பர் போட்ட டின்ல ஊத்தி நடுத்தட்டுல வைங்க.

60 நிமிஷம் லோஃப் டின்னுக்கு. நம்மளோடது 35லேர்ந்து 40 நிமிஷத்துல ஆயிடும், 30லயே ஈர்க்குச்சி குத்திப் பாருங்க, ஈர மாவு ஒட்டுனா இன்னும் அஞ்சு நிமிஷம், ரெண்டு மூணு துகள் மட்டும் ஒட்டுனா எடுத்துடலாம். உள்ள வேகாம மேல மட்டும் செவந்துட்டா ஒரு ஃபாயில மேல மூடி விடுங்க, அடுத்த தடவை ஒரு தட்டு கீழ வைக்கணும்னு பேப்பர்ல குறிச்சுக்கோங்க. ஆறுற வரைக்கும் வெட்டாதீங்க, எங்க வீட்ல அதுக்காகவே ராத்திரி பண்ணி காலைலதான் கத்தி எடுப்பேன்.