தக்ளி கேலக்ஸிய பிடிக்க ஒரு சோம்பேறி வழி

உங்ககிட்ட மோட்டார் இல்லாத சாதா 6 இன்ச் டாப்சோனியன் (கையால தள்ளித் திருப்புற டெலஸ்கோப்) தான் இருக்கு, ஒரு நல்ல கேலக்ஸி பாக்கணும்னா என்ஜிசி 3115 ட்ரை பண்ணுங்க, என்ஜிசிங்கறது வானப் பொருள் பட்டியல். ஸ்பிண்டில் கேலக்ஸின்னு சொல்வாங்க, நூல் நூக்குற தக்ளிதான். டிரேகோங்கற நட்சத்திரக் கூட்டத்துல இருக்குற என்ஜிசி 5866க்கும் இதே பேருதான், அதனால ஸ்டார் மேப் ஆப்ல நம்பர் போட்டே தேடுங்க.

மக நட்சத்திரத்துக்கு நேர் தெக்க 20 டிகிரி, கைய நீட்டி ரெண்டு முஷ்டி வெச்சா வந்துடும். ஏப்ரல் முதல் வாரம் ராத்திரி 9 மணி வாக்குல நம்ம ஊர்ல நல்ல உயரத்துல இருக்கும், அமாவாசைய ஒட்டி, டவுன விட்டு வெளிய போயிடுங்க.

இப்ப மேட்டர். அந்த ஏரியாவே காலி, ஸ்டார் ஸ்டாரா தாவிப் போக வழியில்ல. அதனால அல்ஃபார்ட்னு தனியா ஆரஞ்சா ஒரு ஸ்டார் இருக்கும்ல, அங்கருந்து ஃபைண்டர்ல (டெலஸ்கோப் மேல இருக்குற குட்டி குழாய்) கிழக்க 6 டிகிரி போனா காமா செக்ஸ்டன்டிஸ்னு ஒரு ஸ்டார், மங்கலாதான் இருக்கும். 25 எம்எம் ஐபீஸ் (கண்ண வெச்சு பாக்குற லென்ஸ்) போட்டு அத நடுவுல நிறுத்துங்க, அப்புறம் டெலஸ்கோப்ப தொடவே கூடாது. பூமி சுத்துறதுல வானம் தானா நகரும், சரியா 13 நிமிஷத்துல கேலக்ஸியே ஐபீஸுக்குள்ள வந்துடும், நடுவுல இல்லாம கொஞ்சம் வடக்கு ஓரமா. 11வது நிமிஷத்துலயே கண்ண வெச்சிடுங்க. மொதல் தடவ நான் டைம் பாக்க ஃபோன ஆன் பண்ணி, கண்ணு கூசி, அது கடந்து போனதே தெரியல, திரும்ப மொதல்லருந்து ஆரம்பிச்சேன். ஸ்டாப்வாட்ச் அலாரம் வெச்சு ஃபோன பாக்கெட்ல போட்டுடுங்க.

வந்தா எப்டி தெரியும்னா, ரெண்டு பக்கமும் கூம்பின சாம்பல் கீத்து, நடுவுல பளிச்சுனு ஒரு புள்ளி. நேரா பாக்காம ஓரக்கண்ணால பாத்தா இன்னும் நீளும். சுருள் கை எல்லாம் தேடாதீங்க, இது லென்ஸ் வடிவ கேலக்ஸி, கேஸும் தூசியும் பெருசா மிச்சமில்ல, பெரும்பாலும் கிழட்டு ஸ்டார்ஸ்தான், அதான் இவ்ளோ வழவழன்னு இருக்கு. 1787ல வில்லியம் ஹெர்ஷல் கண்டுபுடிச்சது, தூரம் ஒரு 3.2 கோடி ஒளியாண்டு.

கெடச்சதும் 10 எம்எம் மாத்தி அந்த நடுப்புள்ளிய பாருங்க. 1992ல கோர்மெண்டி, ரிச்ஸ்டோன்னு ரெண்டு வானியலாளர்கள் அங்க ஸ்டார்ஸ் சுத்துற வேகத்த அளந்து, உள்ள சுமார் 100 கோடி சூரியன் எடையில ஒரு கருந்துளை இருக்கணும்னு சொன்னாங்க. இந்த பவர்ல ஒரு நிமிஷத்துக்குள்ள ஓடிடும், மெதுவா தள்ளிக்கிட்டே பாருங்க.