எரிகல் பார்த்தால் நின்ற இடத்தை விட்டு நகராதீர்கள்

சாயங்கால வானத்தில் வெள்ளிக் கோளைவிடப் பளிச்சென்று ஒரு எரிகல் கிழித்துக்கொண்டு போனால், நம் கை முதலில் ஃபோனைத்தான் தேடும். விடுங்கள், எடுப்பதற்குள் முடிந்துவிடும். அது எங்கே தோன்றி எங்கே அணைந்தது என்று எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, தென்னை உச்சி என ஏதாவது ஒன்றோடு சேர்த்து மனதில் பதியுங்கள். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று பாருங்கள். திசையை அப்புறம் ஃபோன் காம்பஸில் பார்த்துக்கொள்ளலாம்.

1992 அக்டோபர் 9 மாலை, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்படி ஒன்று பறந்தது. பள்ளி ஃபுட்பால் ஆட்டத்தைப் படம்பிடிக்க வந்தவர்களின் கேமராக்களிலும் சிக்கியது. நியூயார்க் மாநிலத்தின் பீக்ஸ்கில் ஊரில், நிறுத்தியிருந்த ஒரு காரின் பின்பக்கத்தை அதிலிருந்து விழுந்த 12 கிலோ கல் துளைத்துவிட்டது! அவரவர் நின்ற இடம் தெரிந்ததால்தான் அது வந்த பாதையைக் கணக்கிட முடிந்தது.

இன்னொன்று: எரிகல் வெடித்தால் அதன் சத்தம் தாமதமாக வரும். 60 கிலோமீட்டர் உயரம் என்றால் சுமார் மூன்று நிமிடம். அதுவரை கண்ணாடி ஜன்னல் பக்கம் போகாதீர்கள். 2013-இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்து வானில் ஒரு எரிகல் வெடித்தபோது, அதன் அதிர்வில் கண்ணாடி உடைந்துதான் நிறையப் பேருக்குக் காயம்.

பார்த்ததைச் சர்வதேச விண்கல் அமைப்பின் இணையதளத்தில் அன்றே பதிந்துவிடுங்கள். காசு கிடையாது.