தூள் கசப்பதும் கடலை அவியாததும்: பிழை எங்கே?

யாழ்ப்பாணத்துச் சமையற் குறிப்பில் ‘தூள்’ என்று மட்டும் இருந்தால், அது செத்தல் மிளகாயும் (காய்ந்த மிளகாய்) மல்லியும் மற்றச் சரக்குகளும் வறுத்து அரைத்த கறித்தூள். தமிழகக் குறிப்பில் வரும் ‘மிளகாய்த்தூள்’ வெறும் மிளகாய் மட்டும். அந்தக் குறிப்பைப் பார்த்து எங்கள் தூளைப் போட்டு, மேலே மல்லித்தூளும் போட்டால் மல்லி இரண்டு தரம் விழுகிறது. குழம்பு தடித்து மந்தமாகிவிடும். அவர்கள் சோம்பு என்பது எங்கள் பெருஞ்சீரகம். அவர்களுடைய சீரகம் எங்கள் நற்சீரகம். சாமான் வாங்கும்போதே இதைத் தெளிவாகக் கேட்டு வாங்குங்கள்.

அளவு வீட்டுக்கு வீடு மாறும். தொடங்குபவர்களுக்கு ஏற்றது இது: செத்தல் 500 கிராம், மல்லி 500 கிராம், பெருஞ்சீரகம் 100 கிராம், மிளகு 100 கிராம், நற்சீரகம் 50 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள் 25 கிராம், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி.

தூள் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம், எல்லாவற்றையும் ஒரே தாச்சியில் (வாணலியில்) ஒன்றாகக் கொட்டி வறுப்பதுதான். மல்லி பருமன்; சூடு உள்ளே போக நேரம் எடுக்கும். நற்சீரகம் சின்னது, மல்லி பாதிப் பதத்துக்கு வருமுன்பே அது கருகிவிடும். ஒவ்வொன்றையும் தனியாக, இளஞ்சூட்டில், கை எடுக்காமல் கிளறி வறுக்க வேண்டும். மல்லியை விரலால் நசுக்கினால் பொருபொருவென்று உடைந்து மணக்க வேண்டும். வெந்தயத்தில் மிகுந்த கவனம் தேவை. இலேசாகச் சிவந்ததும் இறக்க வேண்டும். கபில நிறம் ஏறினால் கசப்பு வந்துவிடும். அந்தக் கசப்பைத் தேங்காய்ப்பாலும் மறைக்காது, புளியும் மறைக்காது. கருகினால் அந்த 25 கிராமை வீசிவிட்டுப் புதிதாக வறுங்கள். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட தூளை அதற்காகப் பலி கொடுக்க வேண்டாம்.

அடுப்பை அணைத்துவிட்டுச் சரக்கைத் தாச்சியிலேயே விடுவதும் பிழை. இரும்புத் தாச்சி சூட்டை வைத்திருக்கும். சரக்கு உள்ளே கிடந்து தொடர்ந்து வறுபடும். பதம் வந்த கையோடு சுளகில் (முறத்தில்) கொட்டிப் பரப்புங்கள்.

செத்தலைக் காம்பு கழற்றி, குலுக்கினால் விதை சலசலக்கும்வரை வெயிலில் காயவிட்ட பிறகே வறுக்க வேண்டும். நிறம் வெளிறியது, மெதுமெதுப்பானது, உள்ளே சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். பூஞ்சணம் விடும் நஞ்சு வறுப்பதால் முற்றாகப் போகாது. கறிவேப்பிலையும் கையால் நொறுங்கும்வரை வறுபட வேண்டும். அதில் ஈரம் நின்றால் தூள் கட்டிபடும்.

மில்லில் அரைத்த தூள் சூடாகவே வரும். அந்தச் சூட்டோடு போத்தலில் அடைத்தால் மூடியில் நீர் வியர்த்துத் தூளில் விழும். பூஞ்சணம் அங்கேதான் தொடங்குகிறது. கடுதாசியில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகு அடையுங்கள். நாளாந்தம் எடுக்கச் சிறு போத்தல் ஒன்றை வைத்துக்கொண்டு, பெரிய போத்தலை வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். கொதிக்கும் சட்டிக்கு மேலே போத்தலைப் பிடித்துத் தட்டுவது வேண்டாம். ஆவி உள்ளே போகும்.

சமைக்கும்போது, ஏற்கெனவே வறுபட்ட இந்தத் தூளைக் கொதி எண்ணெயில் போட்டால் நொடியில் கருகும். இரண்டாம் தேங்காய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து ஊற்றிக் கொதிக்க விடுங்கள். முதற்பாலைக் கடைசியில், நெருப்பைக் குறைத்த பிறகு ஊற்றுங்கள். தளதளவென்று கொதித்தால் பால் திரிந்துவிடும்.

இனிப் பருப்பு, கடலை வகை. நாங்கள் கடலை என்பது கொண்டைக்கடலை. மைசூர்ப் பருப்பு ஊறவே தேவையில்லை. ஆனால் ‘கடலை இரவு முழுக்க ஊறியும் கல்லு மாதிரி’ என்ற முறைப்பாட்டுக்கு இங்கே கடலையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூடுதல். அது கடலையின் கலங்களைப் பிணைக்கும் பெக்டினை இறுக்கிவிடுவதால் மணிக்கணக்கில் அவித்தாலும் மசியாது. தண்ணீரை முன்பே கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். கல்சியத்தில் ஒரு பங்கு வெண்படிவாக அடியில் தங்கும். மேல்தண்ணீரை மட்டும் வடித்து, லீற்றருக்கு இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டுக் கடலையை 8 முதல் 10 மணிநேரம் ஊறவிட்டு, கழுவி, அதே மாதிரி வடித்த தண்ணீரில் அவியுங்கள். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

உப்புப் போட்டால் கடலை அவியாது என்று சொல்வார்கள். ஊறும் தண்ணீரில் உப்பு நேர்மாறாக உதவி செய்கிறது. சோடியம் கல்சியத்தின் இடத்தைப் பிடித்துத் தோலை மென்மையாக்கும். அவியலைத் தாமதிப்பது புளி. பழப்புளி, தேசிக்காய், தக்காளி எதுவானாலும் கடலை நன்றாக மசிந்த பிறகே சேர வேண்டும். அவசரத்துக்கு அப்பச்சோடா (சமையல் சோடா) போடுவோர், ஒரு கிலோவுக்கே ஒரு சிட்டிகைக்கு மேல் போடாதீர்கள். கூடினால் சவர்க்காரச் சுவை வரும், விற்றமின் பி1 அழியும். இவ்வளவும் செய்தும் மசியாவிட்டால் கடலை பழசு. வெக்கையிலும் ஈரக்காற்றிலும் மாதக்கணக்கில் கிடந்ததை எந்தத் தண்ணீரும் முழுதாக மீட்காது. அதை ஊறவைத்து அரைத்து வடைக்கு எடுங்கள்.