சீன அரக்குப் பாத்திரங்களின் நிறங்களை ஆராய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரக்கு என்றதும் நமக்குப் பூச்சி தரும் அரக்குதான் நினைவுக்கு வரும், ஆனால் சீனப் பாத்திரங்களில் பூசியிருப்பது மரத்தைக் கீறி வடித்த பால். அது இறுகுவதற்கே காற்றில் ஈரம் வேண்டும். இதை மறந்துவிட்டு ஆய்வைத் தொடங்காதீர்கள்.

அப்புறம், கண்ணை மட்டும் நம்பாதீர்கள். 1972-இல் சீனாவின் சாங்ஷா நகரத்து மாவாங்துய் கல்லறையில் இரண்டாயிரம் ஆண்டுக்கும் பழைய அரக்குப் பாத்திரங்கள் குவியலாகக் கிடைத்தன, உள்ளே சிவப்பும் வெளியே கறுப்புமாக. இப்படிப்பட்ட சிவப்பு பெரும்பாலும் சாதிலிங்கம், அதாவது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த கனிமம். ஆனால் இரும்புக் காவியாகவும் இருக்கலாம். கறுப்பு இன்னும் ஏமாற்றும். புகைக்கரி கலந்திருக்கலாம், அல்லது இரும்பு அந்த மரப்பாலோடு வினைபுரிந்து பாலே கறுத்திருக்கலாம், அப்போது நிறத்துகள் என்று தேட ஒன்றுமே இருக்காது.

சரி, எக்ஸ் கதிரைப் பாய்ச்சி எந்தெந்தத் தனிமம் இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கருவியை வைத்துவிட்டால் போதுமா? பலர் சறுக்குவது இங்கேதான். ஒவ்வொரு தனிமமும் அதில் தனக்கேயுரிய ஆற்றல்களில் கோடுகளாகத் தெரியும். ஆர்செனிக்கின் முக்கியக் கோடும் ஈயத்தின் முக்கியக் கோடும் ஏறக்குறைய 10.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அந்த ஒரே சிகரத்தைப் பார்த்து, ஆர்செனிக் உள்ள மஞ்சள் கனிமமான அரிதாரம் என்று எழுதிவிடாமல், 12.6-இல் ஈயத்தின் அடுத்த கோடு இருக்கிறதா, 11.7-இல் ஆர்செனிக்குடையது இருக்கிறதா என்று பாருங்கள். பச்சையில் செம்பு தென்படவில்லையே என்று குழம்பவும் வேண்டாம். அரிதாரத்தோடு அவுரி நீலத்தைக் கலந்து பச்சை செய்வது சீன அரக்குக் கைவினையில் இருந்த வழக்கம், அவுரியோ தாவரச் சாயம், இந்தக் கருவியின் கண்ணில் படாது. போதாததற்கு எக்ஸ் கதிர் மேல் பூச்சோடு நிற்காமல் அடிப்பூச்சையும் சேர்த்தே படிக்கும், அதனால் எந்தத் தனிமம் எந்தப் பூச்சில் என்பது தெரியாமலே போகும். ஏற்கெனவே உதிர்ந்து கிடக்கும் ஒரு துணுக்கைப் பிசினில் பதித்துத் தேய்த்து, குறுக்குவெட்டாக நுண்ணோக்கியில் பார்த்தால்தான் அடுக்குகள் தனித்தனியே தெரியும்.

லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பொருளை அடையாளம் காணும் ராமன் சோதனையில் லேசரைக் குறைந்த வலுவிலிருந்தே தொடங்குங்கள். கரும்பூச்சு வெப்பத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும், அந்தப் புள்ளி கருகிவிட்டால் திரும்ப வராது.

எனக்கு மிகவும் வலிக்கும் தவறு, நீரில் ஊறிய பொருளை ஆய்வுக்கென்று உலரவிடுவது. சின் பேரரசரின் சுடுமண் வீரர்களுக்கு நிறத்துக்கு அடியில் பூசியிருந்ததும் இதே மரப்பால்தான். மண்ணிலிருந்து வெளியே வந்த சில நிமிடங்களிலேயே அந்தப் பூச்சு சுருண்டு, மேலிருந்த நிறத்தையும் உரித்துக்கொண்டு போனது. அதனால்தான் பிறகு அகழ்ந்தவர்கள் ஈரம் காயுமுன்பே பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற, நீரில் கரையும் செயற்கைப் பொருளைச் செலுத்தி அதை நிலைநிறுத்தினார்கள்.