ராக்பாக்ஸ் முடங்கினால் எங்கே பார்ப்பது?

ராக்பாக்ஸ் என்பது பாட்டுக் கருவிகளில் அசல் மென்பொருளுக்குப் பதிலாக ஓடும் இலவச மென்பொருள். பழைய ஐபாட் வீடியோவில் அதன் புதிய தொகுப்பைச் (build) சோதிக்கும் முன், மீளும் வழியைக் கைக்குப் பழக்குங்கள். மெனு, செலக்ட் பொத்தான்களைச் சேர்த்துப் பிடித்தால் கருவி மறுபடி தொடங்கும். உடனே செலக்ட், பிளே இரண்டையும் பிடித்தால் வட்டு முறைக்குப் போகும், அதாவது கணினியில் வெளி வட்டாகத் தெரியும்.

ராக்பாக்ஸ் கோப்புறையைக் கணினியில் நகலெடுத்து வையுங்கள். பழைய அமைப்புகளே பல ‘பிழை’களுக்குக் காரணம் என்பது என் அனுபவம். அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள். கோளாறு மறைந்தால், அந்தக் கோப்பையே புகாருடன் இணைத்து அனுப்புங்கள்.

மறையாவிட்டால்தான் சுவாரசியம். திரையில் ‘டேட்டா அபார்ட்’ (நினைவகத்தைத் தவறாக அணுகியதால் நிரல் நின்றது என்ற செய்தி) என்று வந்தால், கூடவே வரும் நினைவக முகவரியைப் படமெடுங்கள், நினைவாற்றலை நம்பாதீர்கள். அந்த முகவரி நிரலின் எந்தச் செயற்கூறுக்குள் (function) விழுகிறது என்பதை அதே தொகுப்பின் மேப் கோப்பு (எந்தச் செயற்கூறு எந்த முகவரியில் என்ற பட்டியல்) காட்டும். அதே தொகுப்பு! வேறொன்றின் மேப் கோப்பு, வேறு ஊரின் வரைபடம்.

பாட்டு விக்குகிறதா? ராக்பாக்ஸின் டிபக் (பிழை தேடும்) மெனுவில் பஃபரிங் பக்கத்தைத் திறந்து வைத்துக் கேளுங்கள். பஃபர் (பாட்டை முன்கூட்டியே படித்து வைக்கும் நினைவகம்) வற்றினால் வட்டையோ, அதற்குப் பதிலாக நீங்கள் மாட்டிய மலிவான மெமரி கார்டையோ சந்தேகியுங்கள் (நான் கார்டைத்தான் முதலில் சந்தேகிப்பேன்). நிரம்பியிருந்தும் விக்கினால், பாட்டுக் கோப்பை விரிக்கும் வேகத்தை அளக்கும் டெஸ்ட் கோடெக் செருகுநிரலில் அந்தப் பாட்டை ஓட்டுங்கள். வேகம் 100 சதவீதத்துக்குக் கீழே என்றால் செயலி திணறுகிறது.

முந்தைய தொகுப்பு ஒழுங்காக ஓடியதா? இரண்டுக்கும் நடுவில் உள்ளதைச் சோதியுங்கள். பிறகு மீதிப் பாதியின் நடுவில். கோளாறு நுழைந்த மாற்றம் விரைவில் சிக்கும். தொகுப்பு எண் இல்லாத புகாரை மட்டும் அனுப்பாதீர்கள்.