காய் நறுக்கும் பலகை வளைவது ஏன்? கடலோர வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் வீட்டிலேயே காய் நறுக்கும் பலகை செய்துகொள்பவர்கள், ஐப்பசி மழையில் அது வளைந்துபோனதும் மழையின்மேல் பழி போட்டுவிடுகிறார்கள். மழையும் கடற்காற்றும் மரத்துக்கு ஈரம் ஏற்றுவது உண்மைதான். ஆனால் ஒரு முகத்தில் ஏறிய ஈரம் மறுமுகத்தில் ஏறாதபோதுதான் பலகை வளைகிறது. பெரும்பாலான தவறுகள் இந்த ஓர் இடத்தில்தான் வந்து சேர்கின்றன.

நான் முதலில் செய்த மாம்பலகையின் மேல்முகத்துக்கு மட்டும் எண்ணெய் பூசினேன்; கண்ணில் படாத அடிமுகத்தை அப்படியே விட்டுவிட்டேன். தினமும் கழுவிச் சமையல் மேடையின் கிரானைட் கல்மேல் படுக்கவைத்தோம். மேல்முகம் காற்றில் காய்ந்துவிட, கல்லோடு ஒட்டிய அடிமுகத்தில் இரவெல்லாம் தண்ணீர் தங்கியது. மூன்றாவது வாரம் அடிமுகம் உப்பி, நடுப்பகுதி மட்டும் கல்லில் பட, வெங்காயம் நறுக்கும் ஒவ்வொரு வெட்டுக்கும் பலகை டக் டக்கென்று ஆடியது.

ஆகவே இரண்டு முகங்களுக்கும் நான்கு ஓரங்களுக்கும் எண்ணெய் ஒரே சீராக ஏற வேண்டும். குறுக்கே அறுபட்ட இரு முனைகளும் தண்ணீரை வேகமாக உறிஞ்சுவதால் அங்கே இன்னும் இரண்டு பூச்சு தரலாம். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நாளடைவில் சிக்குவாடை அடிக்கும். உணவுக்கு உகந்த மினரல் ஆயிலோ, அதோடு தேன்மெழுகு உருக்கிச் சேர்த்ததோ நல்லது. கழுவியதும் துடைத்து, இருபுறமும் காற்றுப் படும்படி நிறுத்திவையுங்கள். மொட்டைமாடி வெயிலில் படுக்கவைத்தால் வெயில் பட்ட முகம் மட்டும் சுருங்கிக் குழியும்.

புயலில் சாய்ந்த பலாவோ வேம்போ மலிவாகக் கிடைக்கிறதென்று பச்சையாகவே அறுத்துப் பலகையாக்குவது அடுத்த பெரிய தவறு. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் பண்ருட்டிப் பக்கம் எத்தனையோ பலா மரங்களைச் சாய்த்தது. இப்படி விழும் மரம் அருமையான மரம்தான், ஆனால் காய வேண்டும். அறுத்த பலகைகளுக்கிடையே ரீப்பர் என்னும் மெல்லிய மரச்சட்டம் கொடுத்து நிழலில் அடுக்கி, ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு பொறுக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு துண்டைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால்தான் இழைப்புளியைக் கையிலெடுக்கலாம்.

பலகையின் முனையில் தெரியும் வளர்ச்சி வளையங்களையும் பார்க்க வேண்டும். மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவது, அதற்குக் குறுக்கே சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. 25 செ.மீ. அகலமுள்ள தேக்குப் பலகையில் ஈரம் 12 விழுக்காட்டிலிருந்து 16 ஆக உயர்ந்தால், வளையங்கள் பலகையின் முகத்தோடு படுத்திருப்பது சுமார் 2 மி.மீ. விரியும், முகத்துக்குச் செங்குத்தாக நின்றிருப்பது சுமார் 1 மி.மீ. மட்டுமே விரியும். அதனால் வளையம் நிற்கும் குறுகிய துண்டுகளை ஒட்டிச் செய்வதே என் தேர்வு. வளையாமலிருக்க அடியில் குறுக்குச் சட்டத்தை ஒட்டித் திருகாணி முடுக்குவது வேண்டாம். விரிய இடமில்லாத மரம் வெடித்துவிடும். ரப்பர் கால்கள் போதும்.

ஏற்கெனவே வளைந்த பலகையின் குழிந்த முகத்தை ஈரத்துணிமேல் கவிழ்த்து, மேலே அம்மிக்கல் போன்ற பாரம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். நிமிர்ந்ததும் நிறுத்திவைத்து நன்றாக உலர்த்தி, இரு முகங்களுக்கும் எண்ணெய் பூசுங்கள். பச்சை மரத்தில் செய்தது இதற்கு மசியாது. அதை முழுக்கக் காயவிட்டு மறுபடி இழைக்கத்தான் வேண்டும்.