ஐட்லிங்கில் கார் துடிக்கிறதா? பாகம் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

சிக்னலில் என்ஜினை ஓடவிட்டபடி நிற்கிறோம், அதுதான் ஐட்லிங். ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது. ஆர்பிஎம் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றும் சுற்றுகள்) முள் 600-க்கு இறங்குகிறது, 1100-க்கு ஏறுகிறது, திரும்ப இறங்குகிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி ஓடும். காலை எடுத்ததும் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும்.

என் பழைய காருக்கு இது வந்தபோது முதலில் தீப்பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன். அடுத்து பெட்ரோல் ஃபில்டர். அதற்கும் அடுத்து, ஐட்லிங்கில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் ஐட்லிங் வால்வு. மூன்றும் புதுசு, துடிப்பு மட்டும் பழசு. கடைசியில் அகப்பட்டது சுண்டுவிரல் நுனி அளவு ரப்பர் மூடி. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டில் பயன்படாத ஒரு குழாய் முனையை அடைத்திருந்த மூடி அது. என்ஜின் சூட்டில் காய்ந்து, அடிப்பக்கமாக வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. விரலால் தடவியபோதுதான் பிளவு தட்டுப்பட்டது.

அதனால் நான் சொல்லப்போகும் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் காற்று, அப்புறம் தீப்பொறி, அதற்கும் அப்புறம்தான் பெட்ரோல். (இது பெட்ரோல் வண்டிக்கு மட்டும். டீசல் சங்கதி வேறு.)

காற்று ஏன் முதலில்? என்ஜினுக்குக் காற்று போகும் வழியைத் திறந்து மூடுவது த்ராட்டில் தகடு. ஐட்லிங்கில் அது கிட்டத்தட்ட மூடியே இருக்கும். என்ஜின் உறிஞ்சும், ஆனால் உள்ளே போவது கொஞ்சம் காற்றுதான். அந்த நேரத்தில் ஊசி ஓட்டை இருந்தாலும் காற்று-பெட்ரோல் கலவையின் கணக்கு கெட்டுவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் தகடு திறந்து ஏராளமாகக் காற்று போகிறது. ஓட்டை வழியாக வருவது அதில் கரைந்துவிடுகிறது. மிதித்தால் சரியாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

படி 1: தொடாமல் கவனியுங்கள்

பெரும்பாலான கார்களில் சூடான என்ஜினின் ஐட்லிங் 700 முதல் 900 ஆர்பிஎம் வரை இருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான எண் மேனுவலில் இருக்கும், சிலவற்றில் பானெட்டின் உள்பக்க ஸ்டிக்கரிலும் இருக்கும். குளிர்ந்த என்ஜின் இதைவிட வேகமாகச் சுற்றுவது இயல்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எப்போது துடிக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஏசி போட்டதும் மட்டும் ஆர்பிஎம் இறங்கினால் த்ராட்டில் பாடி (அந்தத் தகடு இருக்கும் கூடு) அல்லது ஐட்லிங் வால்வில் அழுக்கு இருக்கலாம். காலையில் குளிராக இருக்கும்போது மட்டும் என்றால் கூலன்ட் வெப்பநிலை சென்சாரையும் சந்தேகப்படலாம். அப்புறம் சைலன்சர் பக்கம் போய்க் காது கொடுங்கள். தாளம் தப்பாமல் ஒரே இடைவெளியில் 'பொப்... பொப்' என்று விட்டுவிட்டு வந்தால், ஏதோ ஒரு சிலிண்டர் எரியவில்லை. அப்போது மட்டும் வரிசையை விட்டு நேரே படி 4-க்குப் போங்கள். ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கினால் காற்றுக் கசிவுதான் என் முதல் சந்தேகம்.

செக் என்ஜின் விளக்கு எரிந்தால் ஓபிடி ரீடர் (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்த கோளாறு எண்ணைக் காட்டும் கருவி) செருகிப் பாருங்கள். பி0171 வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம், அதாவது காற்று அதிகமாக இருக்கலாம். இதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சார் வாங்க ஓடாதீர்கள். அந்த சென்சார் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளந்து நடப்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். பி0301 முதலாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் (கலவை சரியாக எரியாதது), பி0302 இரண்டாவது. பி0505 ஐட்லிங் கட்டுப்பாட்டுக் கோளாறு.

படி 2: காற்றுக் கசிவைத் தேடுங்கள்

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் புகை ஆளைக் கொல்லும். ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரலில் வையுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். தொங்கும் துணி, செயின், விரித்த முடி எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எந்த நேரத்திலும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும்.

என்ஜின் ஆஃபில் இருக்கும்போதே எல்லா ரப்பர் ஹோஸ்களையும் ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் முனைகளில், குழாயில் மாட்டியிருக்கும் இடத்தில் இருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் வரை போகும் நெளிநெளியான பெரிய குழாயின் மடிப்புகளை விரித்துப் பார்க்க மறக்காதீர்கள். அடுத்து பிரேக் பூஸ்டருக்கு (பிரேக்கை மிதிப்பதை எளிதாக்கும் பாகம்) போகும் தடித்த ஹோஸ், அப்புறம் பிசிவி வால்வின் (என்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் வால்வு) ஹோஸ். எண்ணெய் பட்டு ஊறிப்போன ரப்பர் பிசுபிசுவென்று இருந்தால் அதை மாற்றிவிடுங்கள், யோசிக்க வேண்டாம்.

இப்போது என்ஜினை ஓடவிடுங்கள். ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை ஹோஸ்களின் மூட்டுகள் மேல் மெதுவாக நகர்த்துங்கள். கசிவு இருக்கும் இடத்தில் 'ஸ்ஸ்' என்ற சத்தம் சட்டென்று பெரிதாகும். சந்தேகப்படும் ஹோஸை மூக்குக் குறடால் துணி வைத்து லேசாக நெருக்கிப் பாருங்கள். துடிப்பு நின்றால் குற்றவாளி அந்த வழியில்தான். இன்டேக் மேனிஃபோல்ட் என்ஜினோடு சேரும் இடத்தில் இருக்கும் கேஸ்கெட் ஓரத்தில் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளித்தால், ஓட்டை ஒரு கணம் அடைபட்டு ஐட்லிங் மாறும். கார்புரேட்டர் ஸ்ப்ரே (தீப்பற்றக்கூடிய கிளீனர்) அடித்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. சூடான சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் அதை அடிப்பது தீயோடு விளையாட்டு; தொடக்கக்காரருக்கு நான் சொல்லமாட்டேன்.

ஐட்லிங்கில் பிரேக்கை மிதிக்கும்போது ஆர்பிஎம் தடுமாறி, காலடியில் காற்று இழுக்கும் சத்தம் தொடர்ந்து கேட்டால் பூஸ்டரே கசிகிறது. அது பிரேக் சம்பந்தப்பட்டது. வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

படி 3: த்ராட்டில் பாடி

என்ஜினை நிறுத்தி, சூடு ஆறியதும் காற்றுக் குழாயைக் கழற்றுங்கள். தகட்டின் விளிம்பில் கறுப்பாகப் பிசின் மாதிரி ஒட்டியிருந்தால் அதைத் துடைக்க வேண்டும். த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். உள்ளே நேராக ஊற்ற வேண்டாம். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால், சாவி ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளாதீர்கள். விரலும் போகும், மோட்டாரும் போகும். வழியில் இருக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரின் மெல்லிய கம்பியைத் துணியாலோ விரலாலோ தொடவே கூடாது. அதற்குத் தனி கிளீனர் இருக்கிறது.

சுத்தம் செய்த கையோடு ஐட்லிங் முன்னைவிட அதிகமாக இருந்தால் பதற வேண்டாம். கம்ப்யூட்டர் அழுக்குத் த்ராட்டிலுக்குப் பழகியிருக்கிறது. பல வண்டிகளில் கொஞ்சம் ஓட்டினாலே சரியாகும். சிலவற்றுக்கு மேனுவலில் சொன்ன ரீலேர்ன் முறை (கம்ப்யூட்டருக்கு ஐட்லிங்கைப் புதிதாகப் பழக்குவது) தேவைப்படும்.

படி 4: தீப்பொறி

பிளக்கைக் குளிர்ந்த என்ஜினில் மட்டும் கழற்றுங்கள். கழற்றுமுன் சுற்றியுள்ள மண்ணை ஊதித் தள்ளுங்கள், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும். எந்தப் பிளக் எந்தச் சிலிண்டர் என்று வரிசையாக வையுங்கள். முனை வெளிர்பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்த கறுப்பு, பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு வெள்ளை, காற்று அதிகம் அல்லது சூடு அதிகம். எண்ணெய் ஈரம், சிலிண்டருக்குள் எண்ணெய் இறங்குகிறது. நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால் அந்த ஒரு சிலிண்டரைத் துரத்துங்கள்.

திரும்ப மாட்டும்போது முதலில் கையால் திருகுங்கள். ஸ்பேனரால் தொடங்கினால் மரை சிதையும், அது பெரிய செலவு.

பிளக் வயர் உள்ள பழைய வண்டியா? இருட்டில் என்ஜினை ஓடவிட்டு, கை வைக்காமல் பானெட்டுக்குள் பாருங்கள். வயர் மேல் நீலப் பொறி ஓடினால் வயர் போய்விட்டது.

மிச்சம்

இவ்வளவுக்குப் பிறகும் துடித்தால்தான் பெட்ரோல் ஃபில்டர், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பக்கம் போங்கள். இன்ஜெக்டருக்குப் பதில் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் ஐடில் ஜெட் (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைப்பு ரொம்பச் சகஜம். கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருப்பும் முன், மெதுவாக முழுக்க உள்ளே மூடி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். கெடுத்தாலும் பழைய இடத்துக்கு வரலாம்.

எல்லாம் சரி, ஆர்பிஎம் முள்ளும் ஆடாமல் நிற்கிறது, ஆனாலும் சீட் அதிர்கிறதா? அது ஐட்லிங் கோளாறே இல்லை. என்ஜினைத் தாங்கும் மவுன்ட்டின் ரப்பர் அமுங்கியிருக்கலாம், டார்ச் அடித்துக் கீழே பாருங்கள்.